அன்றைக்கும் படிப்பு உண்டு: ஒன்ராறியோத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தொழிலாளர் தின விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த சில நாட்களிலேயே பிள்ளைகளின் புத்தகப் பைகளில் படிவங்கள் வரத் தொடங்கிவிடும். பண்ணைக்குப் போகும் நாள், ரெரி பொக்ஸ் ஓட்டம், செம்மஞ்சள் சட்டை நாள், தீயணைப்புப் படையினர் வகுப்புக்கு வரும் நாள், ஓடைக்கரைக்கு நடந்து செல்லும் நாள் என்று இலையுதிர்காலம் முழுவதற்கும் அவை வந்துகொண்டே இருக்கும். நம்மில் பலர் உடனே கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறோம். ஆனால் சில வீடுகளில் அவை பையின் அடியிலேயே கசங்கிக் கிடக்கின்றன. இன்னும் சில வீடுகளில், "அன்றைக்குப் படிப்பு இல்லைத்தானே, வீட்டில் நிற்கட்டும்" என்று பிள்ளையை மறித்துவிடுகிறோம். அந்த ஒரு வசனத்தோடு வாதாடுவதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் ஸ்காபரோவில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் பெற்றோர் சபையில் இருக்கிறேன். வகுப்புகளோடு தொண்டராகப் போய்வந்திருக்கிறேன். பாடசாலையின் சார்பிலோ கல்விச் சபையின் சார்பிலோ இதை எழுதவில்லை. உங்களைப் போன்ற ஒரு பெற்றோராகவே எழுதுகிறேன்.

நம்முடைய தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ மட்டக்களப்பிலோ படித்தவர்களுக்குப் படிப்பு என்றால் கொப்பி, கரும்பலகை, தவணைப் பரீட்சை, ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில். கல்விச் சுற்றுலா என்பது படித்து முடித்த பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசு. யுத்த காலத்தில் வளர்ந்த பலருக்கு அந்தப் பரிசும் கிடைத்ததில்லை. அந்தப் பழக்கத்தில், இங்கே அக்டோபர் மாதத்து வேலைநாள் ஒன்றில் முப்பது பிள்ளைகள் மஞ்சள் பேருந்தில் ஏறிப் பூசணித் தோட்டத்துக்குப் போவதைப் பார்க்கும்போது, ஆசிரியர்கள் பொழுதுபோக்குகிறார்கள் என்றுதான் மனம் சொல்லும். பிறகு அந்த ஒரு நாளை ஈடுகட்டச் சனிக்கிழமை ரியூஷனில் இன்னொரு மணித்தியாலம் கூட்டுவோம்.

ஆனால் ஒன்ராறியோவின் பாடத்திட்டத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். முதலாம் வகுப்பு விஞ்ஞானத்தில் நாளும் பருவமும் மாறுவது ஒரு தனி அலகு. மூன்றாம் வகுப்பில் தாவரங்களின் வளர்ச்சியும் மாற்றமும். இரண்டாம் வகுப்புச் சமூகக்கல்வியில் குடும்பங்களினதும் சமூகங்களினதும் மரபுகள் எப்படி மாறிவருகின்றன என்ற பகுதி. மூன்றாம் வகுப்பில் 1780 முதல் 1850 வரையான காலத்தில் கனடாவில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்ற பகுதி. ஸ்டீல்ஸ் வீதியருகே உள்ள, பழைய கால வாழ்க்கையைக் காட்டும் பிளாக் கிறீக் கிராமத்துக்கு (முன்பு பிளாக் கிறீக் பயனியர் கிராமம்) மூன்றாம் வகுப்புகள் போவது இதனால்தான். கொல்லன் பட்டறையையும் மாவாலையையும் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, மின்சாரம் இல்லாத காலத்தில் ஒரு இறாத்தல் பாணுக்குப் பின்னால் எத்தனை பேரின் வேலை இருந்தது என்பதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. பருவத்தைப் படிக்கும் பிள்ளை பருவத்துக்குள் போய் நிற்பதுதான் இங்கே பாடம்.

பூசணிக்காயையே எடுத்துக்கொள்வோம், அதுதான் நம் வீடுகளில் அதிகம் நகைக்கப்படுவது. பண்ணையில் வைக்கோல் கட்டுகள் அடுக்கிய இழுவை வண்டியில் ஏறி ஒரு சுற்று, சோளக்காட்டுக்குள் ஒரு சுற்று, கடைசியில் ஆளுக்கொரு சிறிய பூசணிக்காய். இதைமட்டும் படத்தில் பார்த்தால் சுற்றுலாதான். பாடம் மறுநாள் வகுப்பில் தொடங்குகிறது. நான் உதவிக்குப் போயிருந்த இரண்டாம் வகுப்பில் முதலில் எல்லோரும் தங்கள் காயின் சுற்றளவை ஊகித்து, ஊகித்த நீளத்துக்கு நூல் வெட்டினார்கள். நூலைச் சுற்றிப் பார்த்தபோது சிலருடையது எட்டவில்லை, சிலருடையது ஒன்றரைச் சுற்று வந்தது. தன் நூல் எவ்வளவு குறைந்தது அல்லது கூடியது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் சென்ரிமீற்றரில் அளந்து எழுதியது. அடுத்து ஒரு பெரிய வாளித் தண்ணீர். இவ்வளவு பாரமான காய் அமிழ்ந்துவிடும் என்று வகுப்பில் பெரும்பாலானோர் கை உயர்த்தினார்கள். அது மிதந்தது. ஏன் மிதந்தது என்ற கேள்விக்கு ஆசிரியை விடை சொல்லவில்லை. காயை வெட்டி உள்ளே இருந்த வெற்றிடத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். பிள்ளைகளே சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு விதைகள். வழவழத்த நாரோடு சேர்த்து வாரியெடுத்து, கழுவி, பத்துப் பத்தாகத் தாள் கிண்ணங்களில் போட்டு, பத்துக் கிண்ணம் சேர்ந்ததும் நூறு என்று ஒரு தட்டில் கொட்டி எண்ணினார்கள். நூறு, பத்து, ஒன்று என்ற இடமதிப்பை நான் கட்டம் போட்ட கொப்பியில் மனப்பாடம் செய்தேன். இந்தப் பிள்ளைகள் அதைப் பிசுபிசுத்த கையோடு படித்தார்கள். ஒரு காயை மட்டும் வெட்டாமல் மூடியிட்ட கண்ணாடிப் போத்தலில் போட்டு யன்னலோரம் வைத்தார்கள், அது நிறம் மாறி, பூஞ்சணம் பிடித்து, சுருங்கிக் கரைவதைக் கிறிஸ்மஸ் விடுமுறைவரை வாராவாரம் படம் வரைந்து குறிப்பதற்காக. பண்ணைக்குப் போகாத பிள்ளையும் இந்த வகுப்பில் இருக்கும்தான். ஆனால் தன் கையால் கொடியிலிருந்து எடுத்த காய் அதனிடம் இருக்காது. நூல் வெட்டும்போது பக்கத்துப் பிள்ளையின் காயை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இலைகளும் அப்படியே. மேப்பிள் இலை சிவப்பது அழகுக்காக என்றே நாமும் நினைத்திருப்போம். பகல் குறுகி இரவு குளிரும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்போ பல மரங்களில் அந்த வாரங்களில்தான் புதிதாக உண்டாகிறது. கோப்பி வடிகட்டும் தாளையும் மருந்துக்கடையில் வாங்கும் அற்ககோலையும் வைத்து நறுக்கிய இலையின் நிறங்களைப் பிரித்துக்காட்டும் சோதனையை மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். அப்பிள் தோட்டத்துக்குப் போகும் வகுப்பு, மக்கின்ரொஷ் அப்பிள் 1811ஆம் ஆண்டு இதே ஒன்ராறியோவில் டன்டெலா என்ற இடத்தில் ஒருவர் தன் காணியில் கண்ட கன்றுகளிலிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு வரும். நாம் கடையில் பை பையாக வாங்கும் பழம் அது.

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பேறு உண்டு. செப்டெம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக ஹைலண்ட் கிறீக் ஓடையில் எதிர்நீச்சலிட்டு ஏறும். மோர்னிங்சைட் பூங்காவில் கரையில் நின்றே பார்க்கலாம். கைநீளத்தை விடப் பெரிய மீன் ஒன்று, முதுகு வெளியே தெரியும் அளவு ஆழமற்ற நீரில், கல்லில் உரசி உரசி முன்னேறுவதை ஒரு வகுப்பே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்த மீன் இங்கேயே உரியது அல்ல. பசுபிக் கரையைச் சேர்ந்தது, 1960களின் இறுதியிலிருந்து ஏரியில் கொண்டுவந்து விடப்பட்டது. இங்கே ஆதியில் இருந்த அத்திலாந்திக் சால்மன், ஆலைகளுக்காகக் கட்டிய அணைகளாலும் காடழிப்பாலும் அளவுமீறிப் பிடித்ததாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இல்லாமற் போய்விட்டது. மீன் பார்க்கப் போவதற்குப் பேருந்துக் கட்டணமும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. கேட்பது ஒரு சோடி இறப்பர்ச் சப்பாத்து மட்டுமே, அதைக்கூட அனுப்ப மறந்துவிடுகிறோம்.

தீயணைப்புப் படையினரின் வருகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நேராக நம் வீட்டுக்குள் வரும் பாடம். 1871 அக்டோபரில் சிக்காகோ நகரம் எரிந்ததை நினைவில் வைத்து, அக்டோபர் 9 அடங்கும் வாரத்தைத் தீத்தடுப்பு வாரமாகக் கடைப்பிடிக்கிறார்கள். படையினர் முழு உடையும் முகக்கவசமும் அணிந்து வந்து வகுப்பில் முழந்தாளிடுவார்கள். அந்தக் கவசத்துக்குள்ளிருந்து வரும் மூச்சுச் சத்தம் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தும். உண்மையாகவே தீப்பிடித்த வீட்டில் அந்த உருவத்தைக் கண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளும் உண்டு என்பதால்தான் முன்கூட்டியே அதைக் காட்டிப் பழக்குகிறார்கள். உடுப்பில் தீப்பற்றினால் நில், விழு, உருள். புகை சூழ்ந்தால் தவழ்ந்து வெளியேறு. இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவார்கள்: உங்கள் வீட்டின் படத்தை வரையுங்கள், ஒவ்வோர் அறையிலிருந்தும் இரண்டு வழி குறியுங்கள், வெளியே எல்லோரும் கூடும் இடம் எது என்று எழுதுங்கள்.

அந்தத் தாளைத் தயவுசெய்து ஒதுக்கி வைக்காதீர்கள். கறி தாளிக்கும்போது அலறுகிறது என்பதற்காகக் கழற்றி அலுமாரிக்குள் வைத்த புகை எச்சரிக்கைக் கருவி நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது நமக்கே தெரியும். வீட்டின் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் வேலை செய்யும் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். பேஸ்மென்றில் குடியிருக்கும் குடும்பத்தின் பிள்ளை இரண்டாவது வழியை வரையப் பென்சிலை எடுத்துவிட்டு, வரைய ஒன்றும் இல்லாமல் நம் முகத்தைப் பார்க்கும். ஏழு வயதுப் பிள்ளை கேட்கும் அந்தக் கேள்வியை வீட்டுக்காரரிடம் கொண்டுபோகும் கடமை நம்முடையது.

ரெரி பொக்ஸ் ஓட்டம் நீங்கள் அறிந்ததுதான். புற்றுநோயால் வலது காலை இழந்த இளைஞர் ரெரி பொக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கச் செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12இல் நியூபவுண்ட்லாந்தில் தொடங்கி 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பேக்கு அருகே நிறுத்தினார். அடுத்த ஆண்டு ஜூனில், 22 வயதில் இறந்தார். பிள்ளை கேட்கும் இரண்டு டொலரைக் கொடுங்கள். ஆனால் நம் குடும்பத்தில் யாருக்கேனும் புற்றுநோய் வந்திருந்தால், அதை "வருத்தம்" என்று மட்டும் சொல்லி மறைக்கும் நம் வழக்கத்தைச் சற்றுத் தளர்த்த இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. நம் பிள்ளைகள் மைதானத்தில் அந்த நோயின் பெயரைக் கூச்சமின்றிச் சொல்கிறார்கள்.

செப்டெம்பர் 30 வேறு வகையானது. 1973இல், ஆறு வயதில், பாட்டி வாங்கித்தந்த புதிய செம்மஞ்சள் சட்டையை அணிந்துகொண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு விடுதிப் பாடசாலைக்குப் போன பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பூர்வகுடிப் பெண்ணிடமிருந்து முதல் நாளே அந்தச் சட்டையைப் பறித்துவிட்டார்கள். அது திரும்பக் கிடைக்கவேயில்லை. அவர் சொன்ன அந்த அனுபவத்திலிருந்து 2013இல் தொடங்கியதே செம்மஞ்சள் சட்டை நாள். 2021 முதல் அதே திகதி உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகவும் இருக்கிறது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு அத்தகைய பாடசாலைகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கினார்கள். நமக்குப் பக்கத்தில், பிராண்ட்போர்டில் இருந்த பாடசாலை 1970 வரை இயங்கியது.

கடையில் ஒரு செம்மஞ்சள் சட்டை வாங்கி மாட்டி அனுப்புவதோடு நம் பங்கு முடிந்துவிடுவதாகவே பல வீடுகளில் இருக்கிறது. சட்டை கிடைக்கவில்லை என்று பிள்ளையை மறித்த வீடும் உண்டு. சட்டை இல்லாமல் போனாலும் குறையில்லை. மொழியின் பொருட்டும் நிலத்தின் பொருட்டும் இடம்பெயர்ந்து வந்த நாம், இந்த நிலத்தில் யாருக்கு என்ன நடந்தது என்று நம் பிள்ளை வகுப்பில் கேட்கும் நாளில், அந்தப் பிள்ளையோடு தமிழில் பேசத் தயாராக இருக்க வேண்டாமா? நவம்பர் முதல் முழு வாரம், பூர்வகுடிகளோடு நிலம் பற்றிச் செய்த உடன்படிக்கைகளை ஒன்ராறியோவில் நினைவுகூரும் வாரம். பூர்வகுடிப் பேச்சாளர்கள் பாடசாலைகளுக்கு வருவார்கள். ரொறன்ரோவின் நிலம் 13ஆம் உடன்படிக்கைக்கும் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்கும் உட்பட்டது என்று காலை அறிவிப்பில் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். வீடு வாங்கும்போது உறுதியின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் சமூகம் நாம். இதையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

ஹலோவீனைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மத நம்பிக்கை காரணமாக வேண்டாம் என்பவர்கள் ஆசிரியரிடம் சொன்னால் போதும், வேறு வேலை கொடுப்பார்கள். பல பாடசாலைகள் வேடங்களைக் கைவிட்டுக் கறுப்பும் செம்மஞ்சளும் அணியும் நாளாக்கிவிட்டன. என் சொந்த எண்ணம், இனிப்புகளை எண்ணி வகைபிரித்துப் பட்டை வரைபடம் கீறும் மறுநாள் கணித வகுப்புக்காகவாவது அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

போரில் இறந்த படைவீரர்களை நினைவுகூரும் நவம்பர் 11 அப்படிக் கடந்துபோகக் கூடியதல்ல. காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம், சிவப்புப் பொப்பி, சில பாடசாலைகளில் முன்னாள் படைவீரர் ஒருவரின் வருகை. வகுப்பில் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு யுத்தம் என்பது கறுப்பு வெள்ளைப் படங்களில் வருவது. நம் வீடுகளில் அது அம்மம்மாவின் தூக்கத்தில் வருகிறது. நவம்பர் நமக்கும் நினைவுகூரும் மாதம். ஆகவே அன்று மாலை நம் பிள்ளை கேட்கும் கேள்வி மற்றப் பிள்ளைகளின் கேள்வியாக இருக்காது என்பதை எதிர்பார்த்திருங்கள். "இது உனக்கு இப்ப விளங்காது" என்று மட்டும் அடைத்துவிடாதீர்கள். பிள்ளை இத்தகைய பேச்சுகளால் கலங்கும் இயல்புள்ளது என்றால் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் இரண்டு வரி எழுதிவிடுங்கள். அவர்களுக்கு நம் வரலாறு தானாகத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எல்லாப் பயணமும் பாடம் என்று சாதிக்க வரவில்லை. காற்றடைத்த சறுக்குகளில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் கோப்பி குடிக்கும் இடங்களுக்கும் வகுப்புகள் போவதுண்டு. அவற்றின் பெறுமதியைப் பெற்றோர் சபைக் கூட்டத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு, நானும் கேட்டிருக்கிறேன். போவதற்கு முன் வகுப்பில் என்ன செய்தார்கள், வந்தபின் என்ன செய்யப்போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளும் போதும், நல்ல பயணத்தையும் வெறும் பயணத்தையும் பிரித்துவிடும். படிவங்கள் ஆங்கிலத்தில் மட்டும் வருவதும், வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை கேட்பதும் பாடசாலைகள் திருத்திக்கொள்ள வேண்டிய குறைகள். ஆனால் இவற்றைக் கேட்கும் கூட்டத்துக்கு நாம் போவதில்லை. ஒன்ராறியோவில் ஒவ்வொரு பாடசாலைக்கும் இத்தகைய சபை ஒன்று இருக்க வேண்டும் என்பதும், அதன் தலைவர் ஒரு பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பதும் சட்டவிதி.

பணம் ஒரு தடையாக இருந்தால், அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே மாதத்தில் பண்ணைக்கும் கண்காட்சிக்கும் போவதென்றால் அது சிறிய தொகை அல்ல. கட்டணம் செலுத்த முடியாத காரணத்தால் பிள்ளையை ஒதுக்கக்கூடாது, பணம் கேட்கும் முறையிலும் குடும்பத்தின் மானம் காக்கப்பட வேண்டும் என்பது மாகாணத்தின் வழிகாட்டல். அதிபருக்கோ வகுப்பாசிரியருக்கோ தனியே ஒரு சிறு கடிதம் போதும். "காய்ச்சல்" என்று எழுதி மறிக்கும் வீடுகளை எண்ணித்தான் இதைச் சொல்கிறேன். நாளை வகுப்பில் எல்லோரும் பண்ணையைப் பற்றி எழுதும்போது, காய்ச்சல் வராத பிள்ளை எதை எழுதும்?

நேரம் உள்ளவர்கள் கூடப் போங்கள். பல இடங்களில் தொண்டர்களிடம் பொலிஸ் சரிபார்ப்புக் கேட்பார்கள். அது கைக்கு வர நாளாகும் என்பதால் கோடையிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஆங்கிலம் சரளமாக வராது என்று பின்னிற்க வேண்டாம். பேருந்தில் ஆறு பிள்ளைகளின் தலையை எண்ணவும், சோளக்காட்டில் கழன்ற சப்பாத்து நாடாவைக் கட்டவும் இலக்கணம் தேவையில்லை. தோட்டம் செய்த அப்பப்பா ஒருவர் பூசணிக் கொடியில் ஆண்பூ எது, பெண்பூ எது என்று கையால் காட்டியபோது பண்ணைக்காரரே நின்று பார்த்தார்.

இரண்டாம் வகுப்பின் மரபுகள் பற்றிய பாடத்துக்கு விருந்தினராகப் பேச நம்மவர்களைக் கேட்டால், தீபாவளி விளக்கும் லட்டும் கொண்டுபோவதோடு நிறுத்திவிடுகிறோம். நவராத்திரி இதே பருவத்தில்தான் வருகிறது. ஊர்ப் பாடசாலைகளில் வாணி விழாவுக்குப் புத்தகங்களை அடுக்கி வைத்துப் பூசை செய்ததையும், அவலும் கடலையும் பங்கிட்டதையும், விஜயதசமியன்று சின்னப் பிள்ளைக்கு அரிசியில் ஏடு தொடக்கியதையும் ஒரு அம்மம்மா தமிழில் சொல்ல, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஒரு தட்டு அரிசியைக் கொண்டுபோய், விரும்பும் பிள்ளைகள் தங்கள் பெயரின் முதல் எழுத்தை விரலால் எழுதிப் பார்க்கவும் விடலாம். குடும்பங்களின் மரபுகள் எப்படி மாறுகின்றன என்பதுதானே அந்தப் பாடத்தின் தலைப்பு.

அக்டோபர் 20க்கும் நவம்பர் 20க்கும் இடையில் முதல் முன்னேற்ற அறிக்கை வீட்டுக்கு வரும். அதில் புள்ளியைத் தேடி ஏமாறாதீர்கள், புள்ளி இருக்காது. முதல் பக்கத்தில் பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, தனித்து இயங்குதல், ஒத்துழைப்பு, முன்முயற்சி, தன்னைத் தானே நெறிப்படுத்துதல் என்ற ஆறு பண்புகள் இருக்கும். வைக்கோல் வண்டியில் இடம் விட்டுக்கொடுத்ததா, ஓடைக்கரையில் சொன்ன இடத்தில் நின்றதா, தீயணைப்பு வீரரிடம் கை உயர்த்திக் கேள்வி கேட்டதா என்று ஆசிரியர் கவனித்ததும் அந்தப் பக்கத்தில் சேர்கிறது. பெற்றோர் சந்திப்புக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. வழக்கமான "கணக்கு எப்படிச் செய்கிறாள்?" என்பதைக் கேளுங்கள், கூடவே, "வெளியே போன அன்று என் பிள்ளை எப்படி இருந்தாள்?" என்றும் கேளுங்கள். வகுப்பறையில் வாயே திறக்காத பிள்ளை ஒன்று ஓடைக்கரையில் மற்ற எல்லோருக்கும் மீனைக் காட்டிக்கொண்டு முன்னால் நின்றது என்ற செய்தி, அந்தக் கேள்வியைக் கேட்ட பெற்றோருக்கே கிடைத்தது.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பெற்றோர்